பதினோராம் பக்கத்தைத் திரும்ப வாங்கிய மருந்தக்கா

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே! கோயில் குழுத் தலைவர் ஐயா அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மருந்தக்காவின் கணவர், எங்கள் ஓட்டுநர் அண்ணன் அவர்களே, அவர் பெற்ற செல்வ மகளே! மேலதிகாரியிடம் என்ன காரணம் சொல்லிவிட்டு வந்தீர்களோ எனக்குத் தெரியாது, என் வார்டு நண்பர்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

இந்த மருத்துவமனையின் தலைமைச் செவிலி நான். வார்டில் சத்தம் போட்டுப் பழக்கம் உண்டு. மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. அழாமல் பேச வேண்டும் என்று வீட்டில் கண்ணாடி முன் நின்று இரண்டு முறை பேசிப் பார்த்தேன். இரண்டு முறையும் சிரித்துவிட்டேன். ஏன் தெரியுமா? நம் மருந்தக்காவைப் பற்றி நினைத்தால் முதலில் சிரிப்புதான் வருகிறது. மூன்று வாரம் முன்பு படுக்கையில் இருந்தபடியே என்னிடம் உத்தரவு போட்டார்: "எனக்கு இரங்கல் கூட்டம் வைப்பீங்க, தெரியும். வந்தவங்க மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரும்பிப் போனா, அந்தக் கூட்டம் செல்லாது." ஆகவே, அவையோரே, இந்தக் கூட்டம் செல்ல வேண்டும் என்றால் நீங்களும் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும்.

முப்பத்தொரு ஆண்டுகள் இந்த மருத்துவமனையின் மருந்தகத்தில் பணியாற்றி, தலைமை மருந்தாளுநராக ஓய்வு பெற்றவர் அவர். இருபது ஆண்டுகள், ஓய்வு பெற்ற பிறகும் விடாமல், ஒவ்வொரு புதன்கிழமையும் மதியம் இரண்டு மணிக்கு, துணி அறையை ஒட்டிய அந்த ஒடுங்கிய அறையில் 'இந்து சமயம்: ஓர் அறிமுகம்' என்று வகுப்பு நடத்தியவர் அவர். மருந்து கொடுக்கிறவருக்கும் சமய வகுப்புக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்வியை என்னிடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். இன்று எல்லோர் முன்னாலும் பதில் சொல்கிறேன். சம்பந்தம் என்னுடைய கத்தரிக்கோல்தான்.

அப்போது நான் அறுவை சிகிச்சைப் பிரிவில் புதிது. நான் பிறந்தது வேறு சமயத்தில். இன்றும் அதில்தான் இருக்கிறேன். ஒருவரைக் குடல் அறுவை சிகிச்சைக்குத் தயார் செய்தேன். மணிக்கட்டில் சிவப்பு நூல் ஒன்று கட்டியிருந்தது. கையில் எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. கத்தரித்தேன். கத்தரித்ததோடு விட்டேனா? குப்பைக் கூடையில் போட்டேன். பஞ்சு, ஊசியுறை, நூல் எல்லாம் ஒரே கூடைக்குள்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மயக்கம் இன்னும் தெளியவில்லை. அவருடைய மனைவி உள்ளே வந்து முதலில் முகத்தைப் பார்த்தார், அடுத்து கையைப் பார்த்தார். நூல் எங்கே என்று கேட்டார். நான் கூடையைக் காட்டினேன். அந்த அம்மா போட்ட சத்தம் மூன்றாம் மாடி வரைக்கும் கேட்டது. உறவினர்கள் கூடிவிட்டார்கள். அவர் கண் திறக்காமல் போனால் அதற்கு நான்தான் காரணம் என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார்.  ஒரு நூலுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று எனக்கு உள்ளுக்குள் கோபம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன்.

அந்த நேரத்தில் மருந்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவர்தான் மருந்தக்கா. தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, அந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நூலை யார் கட்டினார்கள் என்று விசாரித்தார். தானே கட்டியதாக அந்த அம்மா சொன்னார்.

"கட்டும்போது மனசுல என்ன நினைச்சீங்கம்மா?"

அந்த அம்மா கணவரின் வெறும் மணிக்கட்டைத் தடவினார். பிறகு, "முழுசாத் திருப்பிக் கொடுத்துடுன்னு நினைச்சேன்" என்றார்.

"அந்த நினைப்புக்குத்தான் சங்கல்பம்னு பேரு. அது கத்தரிக்கோலுக்கு எட்டாது. நீங்க கட்டினப்பவே அது கட்டியாச்சு. ஆனா நூலைக் குப்பையில போட்டது தப்பு. அதுக்கு நாங்க மன்னிப்புக் கேக்கணும்." என் பக்கம் திரும்பினார். "கேளுங்க சிஸ்டர்."

கேட்டேன். அந்த அம்மாவின் பையில் நூற்கண்டில் மிச்சம் இருந்தது. ஒரு முனையை அந்த அம்மாவே பிடித்துக்கொண்டு, மறு முனையை என் கையில் கொடுத்தார். இரண்டு பேருமாகக் கட்டினோம். கட்டி முடித்துச் சற்று நேரத்தில் நோயாளி கண் திறந்து, பசிக்கிறது என்றார். கூடியிருந்தவர்கள் கைகூப்பினார்கள். மருந்தக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மயக்க மருந்து சரியான நேரத்துக்குத்தான் தெளிந்திருக்கிறது, கடவுளுக்கு நன்றி சொல்லும்போது மயக்க மருந்து கொடுத்த டாக்டருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றார். இப்படி ஒருவரைப் பார்த்திருக்கிறீர்களா?

என்னை வேலையிலிருந்து நீக்கப் பேச்சு நடந்தது. அப்போதிருந்த கண்காணிப்பாளரிடம் மருந்தக்காவே போய்ப் பேசினார். இந்தப் பெண்ணை அனுப்பிவிட்டால், இவள் இடத்துக்கு வருகிறவளும் இதையேதான் வெட்டுவாள். ஆளை மாற்றாதீர்கள், எனக்கு ஓர் அறை கொடுங்கள் என்றாராம். அறை கிடைத்தது. வேலை பிழைத்தது. முதல் வகுப்புக்கு வந்தவர்கள் நான்கு பேர். அதில் நான் கட்டாயத்தின் பேரில் வந்தவள்!

என்ன சொல்லிக் கொடுத்தார் மருந்தக்கா? யாரையும் பக்தராக்கப் பார்த்தாரா? இல்லவே இல்லை. யார் என்ன சமயம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நோயாளி சாப்பிட மறுத்தால் அது விரதமா, வாய்க்கசப்பா என்று தெரிந்துகொள்வது எப்படி, கடைசி மூச்சின்போது வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் ஏன் கேட்கிறார்கள், உடலைத் தெற்கே தலைவைத்துக் கிடத்தச் சொன்னால் கட்டிலை எப்படித் திருப்புவது, இவற்றில்தான் தொடங்கினார். நடைமுறையில் தொடங்கி நம்பிக்கைக்குப் போவார், நம்பிக்கையிலிருந்து வரலாற்றுக்குப் போவார். பழைய படிவங்களின் பின்பக்கத்தில் நகலெடுத்து முப்பத்திரண்டு பக்கக் கையேடு ஒன்று செய்தார். பக்கத்துக்குப் பக்கம் மருந்துச் சீட்டு மாதிரிக் குறிப்பு எழுதியிருப்பார். வழிபாடு பற்றிய பக்கத்தின் அடியில்: 'காலை, மாலை. நேரம் தவறினால் நினைவு வந்ததும் செய்யலாம். இரண்டு மடங்கு செய்ய வேண்டியதில்லை.' விரதம் பற்றிய பக்கத்தின் அடியில்: 'சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைக் கேட்கவும்.'

இன்று மேடையில் இருக்கும் கண்காணிப்பாளர் அவர்கள் அப்போது இளம் அறுவை மருத்துவர். ஒரு புதன்கிழமை எட்டிப் பார்த்தவர், எனக்குப் புரிந்துவிட்டது, மருந்து ஒன்று, கம்பெனிப் பெயர்தான் பல, அதுதானே இத்தனை தெய்வங்கள் என்றார். எங்களுக்கெல்லாம் அது பெரிய கண்டுபிடிப்பாகப் பட்டது. மருந்தக்காவுக்குப் படவில்லை.

"அப்படிச் சொன்னா நமக்கு வசதியா இருக்கும் டாக்டர். ஆனா எல்லாரும் அப்படி நினைக்கலையே. இருக்கறது ஒண்ணுதான், நீயும் அதுதான்னு சிலர் சொன்னாங்க. இல்ல, அவர் வேற, நான் வேற, நான் என்னைக்கும் அவருக்கு அடியார்னு சிலர் சொன்னாங்க. அம்மாதான் எல்லாம்னு சிலர். கடவுளே இல்லாம கணக்குச் சரியா வருதுன்னு கூட ஒரு கூட்டம் சொல்லுச்சு. இவங்க எல்லாரும் ஒரே வீட்டுக்குள்ளதான் இருந்தாங்க, தினமும் சண்டை போட்டுக்கிட்டு. வீடு நின்னதுக்கு அந்தச் சண்டையும் ஒரு காரணம்."

வரலாறு சொல்ல அவர் செய்த வேலை என்ன தெரியுமா? இதயப் பிரிவிலிருந்து ஈ.சி.ஜி. தாள் சுருள் ஒன்றை வாங்கிவந்து அறையின் சுவர் நெடுக ஒட்டினார். இடது கோடியில் ஆற்றங்கரையில் செங்கல்லால் கட்டிய பழைய நகரங்கள். அவர்கள் யாரைக் கும்பிட்டார்கள் என்று கேட்டோம். முத்திரைகள் கிடைத்திருக்கின்றன, எழுத்தும் இருக்கிறது, படிக்கத்தான் இன்னும் முடியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்ல மாட்டேன் என்றார். அடுத்து நெருப்பை மூட்டிப் பாடிய வேள்விக் காலம். அடுத்து, காட்டில் உட்கார்ந்து 'நான் யார்' என்று கேட்ட கேள்விக் காலம். பௌத்தரும் சமணரும் வேள்வியை எதிர்த்து வாதம் செய்ததையும் அதே தாளில் எழுதினார். பிறகு கோயில்கள் எழுந்தன. தெருத் தெருவாகத் தாய்மொழியில் பாடிப் போனவர்களின் காலம் வந்தது. வலது கோடியில், பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்களின் கப்பல். ஏறியவர்கள் பெட்டிக்குள் ஒரு படத்தையோ விளக்கையோ வைத்துக்கொண்டு போனார்கள் என்றார். இந்து என்ற பெயர் எங்கே வருகிறது என்று ஒருவர் தாளில் தேடினார். சிந்து என்ற ஆற்றின் பெயரை வெளியிலிருந்து வந்தவர்கள் தங்கள் வாய்க்கு ஏற்றபடி சொன்னது அது. உள்ளே இருந்தவர்களுக்கு வீட்டுக்குப் பெயர் தேவைப்படவில்லை என்றார் மருந்தக்கா. ஒரு சுருள் தாளில் நாலாயிரம் ஆண்டு! அதைப் பார்த்துவிட்டு இதய மருத்துவர், நோயாளி நல்ல உயிரோடுதான் இருக்கிறார் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

இப்போது நான் சொல்லப்போவது எனக்குச் சிரிப்பு வராத பகுதி. சொல்லாமல் விட்டால் மருந்தக்கா யார் என்று உங்களுக்குத் தெரியாது.

வகுப்பு தொடங்கி இரண்டாம் ஆண்டு. நான் கையேட்டை மனப்பாடம் செய்திருந்தேன். எந்த வார்டில் எந்தக் கேள்வி எழுந்தாலும் முதலில் நீளும் மூக்கு என்னுடையது. குழந்தைகள் பிரிவில் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று காய்ச்சலோடு நான்காவது வாரமாகப் படுத்திருந்தது. தாய் ஒரு தையல்காரர். ஏன் சிஸ்டர் என் பிள்ளைக்கு மட்டும் இறங்க மாட்டேங்குது என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார். அவர் கேட்டது ஆறுதல். நான் எடுத்துக் கொடுத்தது பதினோராம் பக்கம். போன பிறவிக் கர்மமாக இருக்கும் அம்மா, எல்லாச் செயலுக்கும் விளைவு உண்டு, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றேன். சொல்லிவிட்டு, நன்றாகப் பேசினோம் என்ற திருப்தியோடு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

அவையோரே! நூலை வெட்டியது நான் தெரியாமல் செய்த தவறு. இது, எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பில் செய்த தவறு. எது பெரிய தவறு, நீங்களே சொல்லுங்கள்!

இரண்டு நாள் கழித்து மருந்தக்கா அந்த வார்டுக்கு மருந்து கொண்டுபோனார். குழந்தை கையை நீட்டி அழுகிறது. தாய் ஒரு கை தூரத்தில் சுவரோடு ஒட்டி நிற்கிறார். ஏன் தூக்கவில்லை என்று மருந்தக்கா கேட்டிருக்கிறார்.

"என் பாவம்தான் பிள்ளைக்கு வந்திருக்காம். நான் தொட்டா இன்னும் கூடிடுமோன்னு பயமா இருக்கு. உங்க புஸ்தகத்துல இருக்குன்னு சிஸ்டர் சொன்னாங்க."

மருந்தக்கா என்னைத் தேடி வந்தார். நல்ல வசவு விழும் என்று நின்றேன். திட்டவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். 

"உங்களைச் சொல்லி என்ன சிஸ்டர். ஆயிரக்கணக்கான வருஷமாப் பெரிய பெரிய ஆளுங்க வாதம் பண்ணின விஷயம். நான் ரெண்டு வரியில எழுதி, பதினோராம் பக்கம்னு நம்பர் போட்டுட்டேன்."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன செய்வது என்று கேட்டேன்.

"தப்பான மருந்து வெளியே போயிட்டா என்ன பண்ணுவோம்? திரும்ப வாங்குவோம். எந்திரிங்க."

மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வார்டு வார்டாகப் போனோம். சமையலறை, சலவைப் பிரிவு, பிணவறை, வாசல் காவல் கூண்டு, ஓர் இடம் விடவில்லை. நூற்று நாற்பது பிரதிகள். ஒவ்வொருவரிடமும் தான் தவறாக எழுதிவிட்டதாகத் தன் வாயாலேயே சொன்னார். ஒவ்வொன்றிலும் பதினோராம் பக்கத்தைக் கிழித்தார். தான் எழுதிய புத்தகத்தை, எழுதிய கையாலேயே, படித்தவர்கள் முன்னால் கிழிக்கிற மனசு எத்தனை பேருக்கு வரும்? வண்டியைத் தள்ளியவள் நான். அவர் ஒரு தடவை கூடச் 'சிஸ்டர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க' என்று சொல்லவில்லை. ஒரு தடவை கூட!

பிறகு அந்தத் தாயிடம் போனோம். நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. மருந்தக்காவைப் பார்த்து, கிழித்த இடத்தில் இனி என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்டார். இன்னும் தெரியவில்லை என்றார் மருந்தக்கா. அப்போது அந்தத் தையல்காரர் சொன்னார்:

"தச்சுக்கிட்டு இருக்கும்போது துணி கிழிஞ்சா, யாரு கை பட்டுச்சுன்னு தேடிக்கிட்டு நிக்க மாட்டேன். நின்னா இன்னும் கிழியும். உடனே ஊசியை எடுப்பேன். அப்படி ஏதாவது எழுத முடியுமா?"

மருந்தக்கா சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அந்த அம்மா கையில் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் நம் கையேட்டின் பதினோராம் பக்கம் அதுதான். 'கர்மம் பற்றிப் பலர் பல விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். அவற்றைப் படியுங்கள். ஆனால் கர்மம் என்ற சொல்லை உங்கள் கையைப் பார்த்து மட்டும் சொல்லுங்கள், பிறர் கட்டிலைப் பார்த்துச் சொல்லாதீர்கள். ஒருவர் படும் துன்பம் கண்ணில் பட்ட நொடியில் உங்கள் கர்மம் தொடங்கிவிட்டது. ஊசியை எடுங்கள்.' கீழே, 'இந்தப் பக்கத்தை எழுதியவர்: ஒரு தையல்காரர்.'

அன்று பிற்பகல் அந்த அம்மா குழந்தையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். மருந்தை மாற்றினார்கள், இரண்டு வாரத்தில் காய்ச்சல் விட்டது. அந்தத் தாய் அதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். பக்கத்தில் இருப்பவர் அந்தக் குழந்தை. இப்போது நம் பல் பிரிவில் மருத்துவர். போன மாதம் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். என் வலிக்கு யார் காரணம் என்று நான் வாயைத் திறக்கவே இல்லை!

கோயில் குழுத் தலைவர் ஐயா சிரிக்கிறார். ஐயா, உங்கள் கதையும் வருகிறது. நேற்றே அனுமதி வாங்கிவிட்டேன்.

நம் பிணவறைக் காப்பாளர் ஒரு புதன்கிழமை எழுந்து நின்றார். சுவரில் இருந்த தாளைக் காட்டி, தன் தாத்தாவைக் கோயில் வாசலோடு நிறுத்திவிட்டார்கள், அது இதில் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.  மருந்தக்கா சிவப்புப் பேனாவை எடுத்துச் சுவரோரமாக நடந்துகொண்டே கோடு போட்டார். கோடு எத்தனை நீளம் போயிற்று தெரியுமா? கோயில் காலத்தைத் தாண்டி, பாட்டுக் காலத்தைத் தாண்டி, கப்பலிலும் ஏறி, இந்தப் பக்கம் கதவு நிலை வரைக்கும் வந்தது. அதன் பக்கத்திலேயே நீலப் பேனாவில், பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று பாடியவர்களையும் போராடியவர்களையும் எழுதினார். நீலம் விட்டு விட்டுத்தான் வந்தது. சிவப்பு விடவே இல்லை.

செய்தி தலைவர் ஐயாவுக்குப் போயிற்று. கோபமாகவே வந்தார். அறிமுக வகுப்பில் நம் அழுக்கை எதற்கு அம்மா காட்ட வேண்டும் என்று கேட்டார். மருந்தக்கா குரலை உயர்த்தவில்லை.

"மருந்துப் பெட்டிக்குள்ள ஒரு தாள் வச்சிருப்பாங்க ஐயா. என்ன நல்லது பண்ணும்னும் எழுதியிருக்கும், என்ன கெடுதல் பண்ணும்னும் எழுதியிருக்கும். ரெண்டாவதை எழுதாம வித்தா என் லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க."

அடுத்த புதன்கிழமை, வகுப்பை நிறுத்துவதற்குக் காரணம் தேடித்தான் ஐயா வந்து உட்கார்ந்தார். இதை அவரே என்னிடம் சொன்னார். அன்று காப்பாளர் தன் தாத்தாவைப் பற்றிப் பேசினார். அந்த மனிதர் வாசலுக்கு வெளியே நின்று, உள்ளே பாடுவதைக் கேட்டுக் கேட்டே அத்தனை பாட்டையும் பாடம் செய்தவராம். ஐயா எழுந்து போனார். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்து, காப்பாளரைக் கோயிலுக்கு அழைத்தார்.

"வரேன். ஆனா எங்க தாத்தா பேரைச் சொல்லித்தான் என்னை உள்ளே கூட்டிக்கிட்டுப் போகணும்" என்றார் காப்பாளர்.

ஐயா கோயில் வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி அந்தப் பெயரைச் சொன்னார். நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். கோட்டை அழியுங்கள் என்று அதற்குப் பிறகு ஐயா கேட்டதில்லை. கோடு இன்றும் சுவரில் இருக்கிறது. ஆனால் கதவு நிலைக்குப் பக்கத்தில் நீலத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைத்தார் மருந்தக்கா. இதற்கு மேல் வைத்தால் அது பொய்யாகிவிடும் என்றார்.

அன்பர்களே! கடைசி மூன்று வாரம் அவரைக் கவனித்துக்கொள்ளும் பேறு எனக்குக் கிடைத்தது. இதயம் களைத்துவிட்டது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். எழுபத்திரண்டு வருஷம் ஓவர்டைம் பார்த்திருக்கிறது, பாவம் என்றார் அவர். கையேட்டின் புதிய பதிப்பைப் படுக்கையில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். மறுபிறவி, வீடுபேறு பற்றிய இருபத்தெட்டாம் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் முழுக்கக் கேள்விப்பட்டதை வச்சு எழுதினது சிஸ்டர். இன்னும் கொஞ்ச நாள்ல எனக்கு நேரடியாத் தெரிஞ்சுடும். ஆனா திருத்தம் அனுப்ப முடியாது. அப்படியே அச்சுக்குக் கொடுத்துடுங்க."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து பணி மருத்துவர் ஓடி வந்தார். பயம் இருந்ததா அவருக்கு? ஒரு நாள் காலையில் கேட்டேன். கொஞ்சம் இருக்கிறது, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். பிடித்துக்கொண்டேன். வேறு தத்துவம் எதுவும் பேசவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, மகள் நெற்றியைத் தடவிக்கொண்டிருக்க, கணவர் காலடியில் உட்கார்ந்திருக்க, அமைதியாகப் போனார்.

இறுதிச் சடங்கை மகள்தான் செய்ய வேண்டும் என்பது அவருடைய விருப்பம். தகன அறை வாசலில் உறவினர் ஒருவர், பெண் பிள்ளை செய்யலாமா என்று ஆரம்பித்தார். மகள் தலை குனிந்தார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஓட்டுநர் அண்ணன் முன்னால் வந்தார். அண்ணனைப் பற்றி உங்களுக்குத் தெரியும். புதன்தோறும் மனைவியை வீட்டுக்கு அழைத்துப்போக வந்து, இருபது ஆண்டுகளும் எங்கள் வகுப்பின் கடைசி நாற்காலியில் குறட்டை விட்டவர். எல்லா வகுப்புக்கும் வந்து எதுவுமே படிக்காத ஒரே மாணவர் என்று மருந்தக்காவே சான்றிதழ் கொடுத்திருக்கிறார். அந்த அண்ணன் சொன்னார்:

"கூடாதுன்னு சொன்னவங்களும் இருக்காங்க, செய்யலாம்னு சொன்னவங்களும் இருக்காங்க. எந்த எந்தக் காலத்துல யார் யார் சொன்னாங்கன்னு வேணும்னா வரிசையாச் சொல்றேன். ஆனா மகதான் செய்யணும்னு கேட்டவ இதோ படுத்திருக்கா. அவ பேச்சைத்தான் இன்னைக்குக் கேக்கணும்."

வரிசையாகச் சொல்லவும் சொன்னார்! தேதி தவறவில்லை. உறவினர் ஒதுங்கிக்கொண்டு மகளுக்கு வழி விட்டார். அத்தனை துக்கத்திலும் நான் அண்ணன் தோளைத் தட்டிவிட்டேன். தூங்கினாரா, தூங்குவது போல் இருந்தாரா, அது அவருக்கே வெளிச்சம்.

பெரியோர்களே! எங்கள் மருந்தக்கா போய்விட்டார். வகுப்பு என்னவாகும்? இந்தக் கேள்வியோடுதான் பாதிப் பேர் இங்கே வந்திருக்கிறீர்கள். நாங்களும் பேசினோம். நான் நடத்தத் தயங்கினேன். வேறு சமயத்தவள் நின்று இந்துக்கள் இப்படி நம்புகிறார்கள் என்று சொன்னால் நன்றாக இருக்குமா என்று தலைவர் ஐயாவிடம் கேட்டேன். யார் சொல்கிறார்கள் என்று பார்த்திருந்தால் நானே அந்த வகுப்புக்கு வந்திருக்க மாட்டேன் அம்மா என்றார். ஆகவே பிரித்துக்கொண்டோம். பூசையும் சடங்கும் ஐயா சொல்வார். வரலாற்றைப் பிணவறைக் காப்பாளர் சொல்வார். சிவப்பு நீலம் இரண்டு பேனாவும் இப்போது அவரிடம். பதினோராம் பக்கத்துக்கு, எழுதியவரே வருவார். நம்பிக்கைகள் என் பொறுப்பு. நான் தப்பாகச் சொன்னால் திருத்துங்கள். திருத்தினால் கோபப்பட மாட்டேன் என்று இந்தச் சபையின் முன் உறுதி சொல்கிறேன். இருபது ஆண்டு பழகியவளுக்கு இது கூட வரவில்லை என்றால் எப்படி?

அவர் மறைந்த வாரத்துப் புதன்கிழமை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றோம். இரண்டு மணிக்குக் கால் தானாக அந்த அறைக்குப் போயிற்று. எல்லோரும் வந்திருந்தார்கள்.  புதிதாகச் சேர்ந்த லிப்ட் இயக்குபவர் ஒருவர், இங்கே என்ன நடந்திருக்கிறது என்றே தெரியாதவர், கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். வகுப்பு இதுதானே என்று கேட்டார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

"கோயிலுக்குள்ள போகும்போது மணி அடிக்கறாங்களே, எதுக்குங்க?"

நான் எழுந்தேன். சாமியிடம் வந்துவிட்டேன் என்று சொல்வதற்காக என்பார்கள் சிலர்; கெட்டது விலகட்டும் என்பார்கள் சிலர்; ஓடிக்கொண்டே இருக்கும் மனசிடம், வந்து சேர்ந்துவிட்டாய், நில் என்று சொல்வதற்காக என்பார்கள் இன்னும் சிலர்; மூன்றில் எது என்று அடிக்கிறவர்தான் சொல்ல வேண்டும் என்றேன். அவர் யோசித்தார். மூன்றாவது எனக்குத் தேவைப்படுகிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நாங்கள் கையேட்டைத் திறந்தோம்.

எனவே, அன்பர்களே, இந்தக் கூட்டத்தின் தீர்மானத்தை எழுதி நீட்டி முழக்காமல் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை, மதியம் இரண்டு மணி, துணி அறையை ஒட்டிய அறை. நாற்காலிகள் பதினாறுதான் இருக்கின்றன. பதினேழாவதாக வருகிறவர் நின்றுகொண்டு கேட்கட்டும். ஆனால் வரட்டும்!